கெடுக்கும் உரிமை: பழைய ரிதம் பாக்ஸும் கும்மிடிப்பூண்டித் தராசும்

1. கேள்வி

சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் புறநகர் ரயில் மீஞ்சூரையும் பொன்னேரியையும் தாண்டிக் கும்மிடிப்பூண்டியில் நிற்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியான இவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றியும் இரும்பு உருக்கும் ஆலைகள் பல இருக்கின்றன. தூண்டல் உலைகளுக்கு முதன்மையான தீனி பழைய இரும்பு. வீட்டில் ஓடாமல் போன பொருளைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுக்கிறார். இரும்பு, செம்பு, பிளாஸ்டிக், போர்டு என்று அது தனித்தனி மூட்டையாகப் பிரிகிறது. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு விலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

அந்த மூட்டைக்குப் போகும் தறுவாயில் உள்ள சில பொருள்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மெல்லிசைக் குழுக்கள் 'ரிதம் பாக்ஸ்' என்றும் 'பேடு' என்றும் சொல்லும் தாள இயந்திரங்கள், சிறிய கீபோர்டுகள், எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிகள் ஆகியவையே அவை. இத்தகைய மலிவான பழைய கருவிகளைத் திறந்து, போர்டில் சேரக்கூடாத இரண்டு புள்ளிகளை ஒயரால் சேர்த்து, செய்தவர் நினைத்திராத ஒலிகளை அவற்றிலிருந்து வரவழைக்கும் கலைக்குச் 'சர்க்யூட் பெண்டிங்' என்று பெயர். மின்சுற்றை வளைத்தல் என்று தமிழில் சொல்லலாம். மேற்கில் இதைப் பற்றி எழுதியவர்கள் குப்பையை மீட்கும் செயலாகவும், மூடிய பெட்டிக்கு எதிரான கலகமாகவும் இதைக் காண்கிறார்கள். பெட்டியைத் திறப்பதே பிழைப்பாக உள்ள ஓரிடத்தில், எதையும் எளிதில் குப்பை என்று சொல்லிவிடாத ஓரிடத்தில், அந்த விளக்கம் எவ்வளவு தூரம் செல்லும்? இதுவே என் கேள்வி.

2. இதுவரையிலான விளக்கங்கள்

இக்கலையின் தோற்றக் கதை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது. 1966-67 வாக்கில் அமெரிக்காவில் ரீட் கசாலா என்ற சிறுவனின் மேசை இழுப்பறையில், பின்மூடி இல்லாத சிறிய பேட்டரி ஆம்பிளிஃபயர் ஒன்று உலோகப் பொருளில் பட்டு ஷார்ட் ஆகி, தானாகவே வினோதமாக ஒலிக்கத் தொடங்கியது. தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன என்று அவர் யோசித்தார். 1992இல் இதற்குச் 'சர்க்யூட் பெண்டிங்' என்று பெயரிட்டார். 2005இல் செய்முறை நூலும் எழுதினார். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1978இல் வெளியிட்ட 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற எழுத்துக்கூட்டும் பொம்மை இக்கலையின் பெயர்பெற்ற பலி. தன் முறையைக் கசாலா 'எதிர்க்கோட்பாடு' என்கிறார். மின்னணுவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, காது வழிகாட்டினால் போதும் என்பது அதன் சாரம்.

இதற்கு மறுமுனையில் கார்னட் ஹெர்ட்சும் யூசி பரிக்காவும் 2012இல் 'லியனார்டோ' ஆய்விதழில் எழுதிய கட்டுரை நிற்கிறது. சீக்கிரமே வழக்கொழிய வேண்டும் என்று திட்டமிட்டே கருவிகளைச் செய்யும் தொழில்முறையை அவர்கள் சாடுகிறார்கள். ஊடகங்கள் சாவதில்லை, பிணம்போல் எழுந்து உலவுகின்றன என்றும், மின்சுற்றை வளைத்தல் அவற்றைத் தோண்டியெடுக்கும் தொல்லியல் என்றும் அவர்கள் வாதிடுகிறார்கள்.

இந்திய நகரங்களைப் பற்றி ரவி சுந்தரம் 1990களின் இறுதியிலிருந்து எழுதிவருபவை மூன்றாவது பார்வையைத் தருகின்றன. தில்லியின் மின்னணுச் சந்தைகளைப் பார்த்த அவருக்கு, நகலெடுப்பதும் பழையதைப் புதுக்குவதும் கலகமாகத் தெரியவில்லை, அன்றாட நவீனத்துவமாகவே தெரிந்தன. ஸ்டீவன் ஜாக்சன் 2014இல் பழுதுபார்ப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இதற்குத் துணைநிற்கிறது. உடைந்துகொண்டே இருப்பதுதான் உலகத்தின் இயல்பு, பழுதுபார்ப்பவரின் வேலையே அதைத் தாங்கிப் பிடிக்கிறது என்கிறார் அவர்.

இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் இடைவெளி தெரிகிறது. கசாலாவும் பரிக்காவும், வளைப்பவருக்குக் கிடைக்கும் பொருள் ஏற்கெனவே மதிப்பிழந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சுந்தரமும் ஜாக்சனும், அப்பொருள் இன்னும் மதிப்போடு சுற்றிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். மதிப்பு எந்தக் கணத்தில் போகிறது, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை இரு தரப்பும் போதிய அளவு கேட்கவில்லை. ஒரு கருவியைக் கெடுத்துப் பார்க்க வேண்டுமானால் அதைக் கெடுக்கும் உரிமை ஒருவருக்கு வேண்டும். இந்த உரிமைதான் பிரச்சினையின் மையம் என்று கருதுகிறேன்.

3. பழுதே மூலப்பொருளான இயந்திரங்கள்

தாள இயந்திரங்களின் வரலாற்றில் நல்லதும் பழுதும் ஒருபோதும் தெளிவாகப் பிரிந்திருக்கவில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 இதற்குச் சிறந்த சான்று. 1983க்குள் சுமார் 12,000 பெட்டிகளோடு அதன் உற்பத்தி நின்றது. அதன் சில ஒலிகளில் வரும் பொரிவது போன்ற இரைச்சலுக்காக, தரச்சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடி வாங்கியதாக நிறுவனர் இக்குடாரோ கக்கேஹாஷி பிற்காலத்தில் சொன்னார். குறைக்கடத்தித் தொழில் மேம்பட்டதும் அத்தகைய டிரான்சிஸ்டர்கள் கிடைக்கவில்லை, இயந்திரமும் முடிவுக்கு வந்தது. உலகின் மிகப் புகழ்பெற்ற தாள இயந்திரத்தின் குரல் ஒரு தொழிற்சாலையின் தள்ளுபடித் தட்டிலிருந்து வந்தது.

கக்கேஹாஷியின் வாழ்க்கையிலும் இதே இழை ஓடுகிறது. போருக்குப் பிந்தைய ஜப்பானில் கைக்கடிகாரம் பழுதுபார்த்துத் தொடங்கியவர் அவர். பிறகு ரேடியோ பழுதுபார்த்தார், அதற்குப் பிறகு ஒசாகாவில் மின்பொருள் கடை. ரோலண்டைத் தொடங்கியது 1972இல். தாள இயந்திரத் தொழிலின் மூலவர்களில் ஒருவர் பழுதுபார்க்கும் மேசையிலிருந்து எழுந்தவர் என்பது, வளைப்பவரையும் மெக்கானிக்கையும் எதிரெதிராக நிறுத்தும் கதைக்குப் பொருந்தாத உண்மை.

அதே நிறுவனத்தின் டிபி-303 கிதார் வாசிப்பவருக்குப் பேஸ் துணையாகச் செய்யப்பட்ட சிறு பெட்டி. எதிர்பார்த்தபடி விற்கவில்லை. அதில் எழுதிய சுரக்கோவைகள் பேட்டரியின் தயவில் நினைவில் நிற்பவை. பேட்டரியைக் கழற்றிவைத்தால் நினைவகம் குழம்பி, யாரும் எழுதாத கோவைகள் அதில் இருக்கும். மலிவாகக் கைமாறிய அத்தகைய பெட்டி ஒன்றின் குமிழ்களைத் திருகி, சிகாகோ இளைஞர்களான ஃபியூச்சர் குழுவினர் 1987இல் 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டனர். அவர்கள் பெட்டியைத் திறக்கவில்லை, ஈயம் வைக்கவில்லை. விலை இறங்கியிருந்ததால் தவறாகப் பயன்படுத்த அவர்களால் முடிந்தது. வளைத்தலுக்கு முந்தைய நிபந்தனை இந்த விலைச்சரிவே.

4. நம்மிடம் வந்த பெட்டிகள்

இந்திய உதாரணம் என்றவுடன் எல்லோரும் சரண்ஜித் சிங்கைச் சொல்வார்கள். மும்பைத் திரையிசைக் கலைஞரான அவர் சிங்கப்பூரில் வாங்கிய 303, 808, ஜூபிட்டர்-8 சிந்தசைசர் ஆகியவற்றைக் கொண்டு 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அத்தொகுப்பு 2010இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவுக்கு ஐந்தாண்டு முன்பே 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கொண்டாடினார்கள். இக்கொண்டாட்டத்தை நான் ஏற்கவில்லை. மும்பைக்கும் சிகாகோவுக்கும் இடையே எந்தத் தொடர்பும் நிறுவப்படவில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் வசதியை, ராகத்தின் இழைவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றாக அவர் கேட்டார். வடிவமைத்தவருக்கு இல்லாத காது அது. கருவி புதியது, விலையுயர்ந்தது. ஆகவே திறந்து பார்க்கும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரோடு அமைத்த மின்னணு இசைக்கூடத்தையும் இவ்வரிசையில் சேர்ப்பதுண்டு. 2023இல் வெளிவந்த அதன் பதிவுகள் கேட்கத் தகுந்தவை. ஆனால் அது இறக்குமதியின், நிறுவன ஆதரவின் வரலாறு. செகண்ட் ஹேண்டின் வரலாறு அங்கே இல்லை.

செகண்ட் ஹேண்டின் வரலாறு சென்னையில் வேறு தெருக்களில் நடந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் வெளிநாட்டு மின்னணுப் பொருளைத் தேடி மக்கள் பர்மா பஜாருக்குப் போனார்கள். உதிரிப் பொருள் என்றால் ரிச்சி தெரு. 1985இல் ரோலண்ட் வெளியிட்ட ஆக்டோபேடும் அதன் வாரிசுகளும் மெல்லிசை மேடையின் நிரந்தர உறுப்பாயின. ஆடி மாதம் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலைச் சுற்றிய ஊர்களில் மேடை போட்டால், டிரம்ஸ் இல்லாமல்கூடக் கச்சேரி நடக்கலாம், பேடு இல்லாமல் நடப்பது அரிது. அந்தப் பேடு கைமாறிக் கைமாறி வந்ததாக இருக்கும். உழைப்பு அதிகம், தூசி அதிகம், ஈரம் அதிகம். ரப்பர் தேயும், சென்சார் போகும், பழுதுபார்த்து மறுபடி மேடையேறும்.

சபா இசைக்கு வேறொரு பெட்டி வந்தது. ஹெச்ஏஎல் பொறியாளராக இருந்த புல்லாங்குழல் கலைஞர் ஜி. ராஜ் நாராயண் 1979இல் எலக்ட்ரானிக் தம்பூராவை உருவாக்கினார். அவருடைய பெங்களூர் நிறுவனமான ராடெல் பின்னர் 'தாளமாலா' என்ற தபலா இயந்திரத்தையும் கொண்டுவந்தது. மூலத்திலிருந்தே நம் காதுக்காகச் செய்யப்பட்ட தாள இயந்திரம் என்று இதைச் சொல்ல வேண்டும். இன்று கைபேசிச் செயலிகள் அதன் இடத்தைப் பிடித்துவிட்டதால் பாட்டு வாத்தியார் வீடுகளின் பரணில் இப்பெட்டிகள் ஏறியிருக்கின்றன. பரணிலிருந்து எடைக்கு இறங்குவது அடுத்த கட்டம்.

5. மெக்கானிக்கின் விரல்

இனி என் வாதத்தின் நடுப்பகுதி. பழைய ஆம்பிளிஃபயரையோ கீபோர்டையோ பார்க்கும் நம் மெக்கானிக்கிடம் பெரும்பாலும் சர்க்யூட் படம் இருக்காது. ஒலி வராத பெட்டியில் எந்தக் கட்டம் செத்திருக்கிறது என்று அறிய, வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் விரலையோ ஸ்க்ரூடிரைவர் முனையையோ வைக்கிறார். ஸ்பீக்கரில் 'பொர்ர்ர்' என்று இரைந்தால் அதற்குப் பின்னுள்ள கட்டம் உயிரோடு இருக்கிறது. இரையாவிட்டால் அடுத்த புள்ளிக்குப் போகிறார். புள்ளி புள்ளியாகத் தொட்டு, காதால் கேட்டு, பழுதை நெருங்குகிறார்.

கசாலாவின் முறையும் இதுவே. பெட்டியை இயக்கிவிட்டு, ஜம்பர் ஒயரால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக் கேட்பது. சுவையான ஒலி வரும் இடத்தில் ஒரு சுவிட்சை ஈயம் வைத்து நிலைப்படுத்துவது. தோலின் ஈரம் மின்சாரத்தைச் சிறிது கடத்தும் என்பதால், சில புள்ளிகளைப் பித்தளைப் பொத்தானாக வெளியே கொண்டுவந்து விரலால் வாசிக்கவும் செய்கிறார். கையசைவில் வேறுபாடு இல்லை. மெக்கானிக்குக் கிடைத்த இரைச்சல் ஒரு விடை, கிடைத்ததும் விரலை எடுத்துவிடுகிறார். வளைப்பவருக்கு அந்த இரைச்சலே இசையின் தொடக்கம், விரலை அங்கேயே வைத்திருக்கிறார். ஆகவே 'எதிர்க்கோட்பாடு' என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஊரில் தொட்டுப் பார்ப்பது அறியாமையின் முறை அல்ல, பல்லாண்டுப் பழக்கத்தில் முதிர்ந்த அறிவின் முறை.

பிறகு ஏன் மெக்கானிக் விரலை எடுத்துவிடுகிறார்? பெட்டி அவருடையதல்ல. வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை மேடைக்கு அதைக் கேட்டிருக்கிறார். கெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. எடைக்கு வாங்கியவருக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. ஆனால் அவருக்கு நேரம் இல்லை, கிலோ கணக்கில் நாள் ஓடுகிறது. இருவருக்கும் நடுவே உரிமையும் நேரமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. மெக்கானிக் மேசைக்கு அடியில், 'பார்ட்ஸ் எடுக்க' என்று போட்டுவைத்த செத்த போர்டுகளின் குவியல் அது. அங்கேயும் போட்டி உண்டு. நாளை வரப்போகும் ஒரு பேடுக்கு அந்த ஐசி தேவைப்படலாம்.

இதிலிருந்து ஒரு நிலைப்பாட்டுக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஓட வைக்க முடிகிற பேடையோ சுருதிப் பெட்டியையோ கலைக்காக வளைப்பது இவ்விடத்தில் சரியல்ல. அதை வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாத்தியக்காரரின் கருவியை அது பறிக்கிறது. பரிக்காவின் 'பிணம்' என்ற உருவகம் இங்கே பொருந்தாததற்குக் காரணமும் இதுவே. இங்கே எந்தக் கருவியின் சாவும் கடைசிவரை விவாதத்துக்கு உரியது.

6. தாளம் எங்கே உடைகிறது

வளைத்த பெட்டி நம் காதுக்கு எப்படிக் கேட்கும்? 1986இன் டிஆர்-505, 1987இன் டிஆர்-626 போன்றவை வளைப்பவர்களுக்குப் பிடித்தமானவை. பதிவுசெய்த மேளவொலிகள் அவற்றில் ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பின் கால்கள் வெளிப்படையாக உள்ளன. முகவரிக் கால்கள் இரண்டைச் சேர்த்தால் இயந்திரம் தேடிய ஒலிக்குப் பதில் வேறோர் ஒலியின் நடுத்துண்டு வருகிறது. பின்னாளைய பல மலிவுக் கருவிகளில் சில்லு கறுப்பு எபாக்சிப் பொட்டுக்குள் புதைந்துவிட்டது, தொடக் கால்களே இல்லை. பழசுக்கு உள்ள மவுசுக்கு இது எளிய காரணம்.

இத்தகைய வளைப்புகளை எழுதுபவர்கள் 'கிளிட்ச்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். தாளக் கணக்கில் வளர்ந்த காது அவற்றை மூன்றாகப் பிரிக்கும். ரோம் சிப்பில் கைவைத்தால் கெடுவது சொல் மட்டும். தாவும் தோமும் உருமாறும், எண்ணிக்கை அசையாது, ஏனென்றால் ஒலியின் நினைவும் அடிகளின் நினைவும் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இயந்திரத்தின் கடிகாரத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரை மாற்றினால் கெடுவது காலப்பிரமாணம். அடிகளைச் சேமிக்கும் நினைவகத்தைக் குழப்பினால் கெடுவது ஆவர்த்தனம்.

ஆதி தாளத்தைத் தொடையில் போட்டபடி கேட்கும் ரசிகருக்கு முதல் வகை ஒரு பொருட்டே அல்ல. மிருதங்கத்துக்குப் பதில் கஞ்சிரா வந்தாலும் கொன்னக்கோல் வந்தாலும் கணக்கு கணக்குதான் என்று அறிந்த காது அது. மூன்றாவது வகை அவருக்குப் பிழையாகவே கேட்கும். எட்டு அட்சரத்தில் சமத்துக்கு வராத தாளம் தாளமல்ல. இரண்டாவதில்தான் எனக்கு நம்பிக்கை. ரெசிஸ்டருக்குப் பதில் ஓர் எல்டிஆரை வைத்தால், அதன் மேல் விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப வேகம் கூடும், குறையும். கணக்கு உடையாது, காலம் மூச்சுவிடும். உடுக்கை அடித்துக் கதை சொல்பவரின் வேகம் கதையோடு ஏறி இறங்குவதைக் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இராது.

கருவியைத் தற்காலிகமாக மாற்றி வாசிப்பதும் நமக்குப் புதிதல்ல. மிருதங்கத்தின் இடந்தலையில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். தோலின் எடையை மாற்றிக் குரலை மாற்றும் செயல் அது, ஆனால் தோலுக்குச் சேதம் இல்லை. வளைப்பதற்கும் இதை விதியாகக் கொள்ளலாம் என்பது என் துணிபு. டிராக்கை வெட்டாமல், சுவிட்சை அணைத்தால் பெட்டி பழைய குரலுக்குத் திரும்பும்படி ஒயர் போட முடியும். அப்படிச் செய்தால் கெடுக்கும் உரிமையைப் பற்றிய என் தயக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

7. எடைச்சீட்டில் இல்லாத வரி

2022இன் மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. முந்தைய 2016 விதிகளில் 21ஆக இருந்த பொருள் வகைகள் 106ஆக விரிந்தன. மறுசுழற்சி செய்பவர் மீட்கும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் அளவைக் கொண்டு சான்றிதழ் உருவாகிறது. புதுப்பிப்பவர் என்ற வகையும் விதிகளில் உண்டு. கருவியைப் பழைய பயனுக்கே மீட்டு அதன் ஆயுளை நீட்டிப்பவர் அவர். முன்பு செய்யாத வேலைக்கு மாற்றப்பட்ட கருவி இவ்விரண்டு வகைகளில் எதிலும் எளிதில் அமர்வதில்லை. விதிகளின் அக்கறை நியாயமானது. அந்தக் காலத்து ஈயப்பற்றில் பத்தில் நான்கு பங்கு ஈயம், பழைய நிக்கல்-காட்மியம் செல்களில் நஞ்சு. அமிலத்திலும் நெருப்பிலும் போர்டைப் பிரிப்பவர்கள் இதற்குத் தங்கள் உடம்பால் விலை கொடுக்கிறார்கள். வளைப்பவருக்கும் அந்தப் புகை உண்டு, சன்னல் திறந்திருக்க வேண்டும். கரண்ட்டில் நேராக ஓடும் பெட்டியை யாரும் தொடக்கூடாது, செல்லில் ஓடுவதை மட்டுமே திறக்க வேண்டும்.

ஆனால் தங்கத்தையும் செம்பையும் கணக்கிடும் முறையில், ரோம் சிப்புக்குள் இருக்கும் ஒலிக்கு எடை இல்லை. தாளமாலாவின் தபலாச் சொற்கள், ஒரு மலிவு கீபோர்டில் யாரோ நிரல்படுத்திய தாளங்கள் ஆகியவை எங்கும் பதிவாகாமல் தூளாக்கும் இயந்திரத்துக்குள் போகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் போர்டைப் படிக்கக் கற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் ஆலைகளில் நுண்பாகங்களைப் பொருத்திப் பழகிய கைகள், பெரும்பாலும் பெண்களின் கைகள், இம்மாவட்டத்திலும் இருக்கின்றன. பிரிக்கும் மேசையில் போர்டு மூட்டைக்குள் விழும் முன், பச்சை படிந்த பேட்டரி முனையைச் சுரண்டி, நான்கு செல் மாட்டி, ஸ்பீக்கரை இணைத்து ஒருவர் விரல் வைத்துப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஓடினால் அது மேடைக்குப் போகட்டும். ஓடாமல் இரைந்தால், அந்த இரைச்சலை ஒரு கைபேசியிலாவது பதிவு செய்த பிறகு தராசில் வைக்கட்டும்.